'சார்புணர்வு' வேண்டாம், கிழமை இருக்கிறது

பல மொழியும் பல வழக்கமும் கலந்த ஊரில் வளரும் பிள்ளைகளைப் பற்றிய கையேடுகளில், 'பிலாங்கிங்' (belonging) என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் 'சார்புணர்வு' என்று போடுகிறார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. அந்த ஆங்கிலச் சொல்லின் பழம்பொருள் கூடவே செல்லுதல், உரியதாயிருத்தல், அவ்வளவுதான்.

தமிழில் சார்பு வேறு சங்கதி. தானே நிற்பது முதலெழுத்து, அதை அண்டிப் பிறப்பது சார்பெழுத்து. ஆட்சியருக்குக் கீழே சார் ஆட்சியர், மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே சார்பு நீதிமன்றம். ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிறவரையும் சார்புடையவர் என்கிறோம். சேலம் அம்மாபேட்டையில் வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பேசும் பிள்ளைக்குச் 'சார்புணர்வு' உண்டு என்றால், யாரையோ அண்டிப் பிழைக்கிறது என்றுதான் காதில் விழும். "சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்" (359) என்று குறளைத் துணைக்கு அழைத்தாலும் பயனில்லை. பரிமேலழகர் உரைப்படி முதற்சார்பு மெய்ப்பொருள், அடுத்தது பற்று. அது கெட வேண்டும் என்கிறது குறள்! 'சேலத்தைச் சார்ந்தவர்' என்று எழுதுவதும் இதே கோளாறு. சேர்ந்தவர் என்று எழுதினால் கை வலிக்காது.

சரியான சொல் இலக்கணத்திலேயே கிடக்கிறது. ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை, அதாவது ஒன்று மற்றொன்றுக்கு உரியதாயிருத்தல். கை, குணம்போலப் பிரிக்க முடியாதது தற்கிழமை. வீடு, ஊர்போல வேறாக நிற்பது பிறிதின்கிழமை. நன்னூல் தற்கிழமையை ஐந்தாக வகுக்கிறது. அதில் 'திரிபின் ஆக்கம்' என்று ஒன்று: மஞ்சளது பொடி. இடிபட்டு உருமாறினாலும் மஞ்சளை விட்டுப் போகாது. மஞ்சள் விற்கும் சேலம் லீ பஜாரில் இதற்கு உரை தேவையில்லை. ஊர் மாறி, பேச்சு மாறி வளர்ந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எது?

கிழமை என்றால் திங்கள், செவ்வாய்தானே என்பார்கள். ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை; பொருள் அங்கும் அதுவேதான். கோவூர் கிழார் என்ற சங்கப் புலவர் பெயரிலும் அதே வேர். கையேட்டில் 'ஊர்க்கிழமை' என்று எழுதலாம். பிள்ளையிடம் பேசும்போது அதுகூட வேண்டாம், 'நீ நம்மூருப் புள்ள' போதும்.

அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர்கள் ஏற்காட்டு மலையாளிகளையும் விட்டுவைக்கவில்லை. 'மலையாள மொழி பேசும் பழங்குடியினர்' என்று எழுதிவிடுகிறார்கள். சேர்வராயன் மலையில் வாழும் அந்த மக்களின் பெயர் மலை + ஆளி. வீட்டில் பேசுவது தமிழ். நடுவில் கேரளம் எங்கே வந்தது?