டிவி தெரிகிறது, இணையம் மட்டும் ஏன் அறுகிறது?

டிவி பளிச்சென்று வருகிறது, அப்படியென்றால் லைன் நன்றாகத்தானே இருக்கிறது? கேபிள் மோடம் அடிக்கடி இணைப்பை விடும் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது. அமெரிக்காவிலும் கனடாவிலும் டிவிக்காக இழுத்த கோஆக்ஸ் வயரிலேயே இணையமும் வருவது இன்றும் சாதாரணம். டிவிக்குச் சிக்னல் வீடுவரை வந்தால் போதும். மோடத்துக்கோ அது திரும்பிப் போகவும் வேண்டும். வம்பு பெரும்பாலும் அந்தத் திரும்பும் வழியில்தான்.

1997-ல் கேபிள் நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான கேபிள்லேப்ஸ் வெளியிட்ட டாக்சிஸ் என்ற விதிமுறைதான் இந்த இருவழிப் போக்கை நடத்துகிறது. வட அமெரிக்காவில் நெடுங்காலமாக வீட்டிலிருந்து போகும் சிக்னலுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒடுக்கமான பட்டை. டிவிக்கும் பதிவிறக்கத்துக்கும் அதற்கு மேலே தாராளமாக இடம் உண்டு. மோட்டார், மட்டமான சார்ஜர், சிற்றலை வானொலி என்று ஊரின் மின் இரைச்சல் அதிகம் நுழைவது அந்தக் கீழ்ப் பட்டையில்தான். ஒரு வீட்டின் லூசான கனெக்டர் வழியே புகுந்த இரைச்சல் அந்த வீட்டோடு நிற்காது. தெருச் சாக்கடைகளெல்லாம் ஒரே கால்வாயில் விழுவதுபோல, எல்லா வீட்டு இரைச்சலும் கேபிள் நிறுவனத்தின் கருவியில் ஒன்றாகப் போய்ச் சேரும். உங்கள் வீட்டில் நெட் அறுவதற்கான காரணம் நாலு வீடு தள்ளிக்கூட இருக்கலாம்.

அந்தக் கருவி ஒவ்வொரு மோடத்துக்கும் சுமார் 30 வினாடிக்கு ஒருமுறையாவது பேச வாய்ப்புக் கொடுக்கும். மோடம் சின்னதாக ஒரு குரல் கொடுக்கும். பவரைக் கூட்டு, குறை, இப்படியே இரு என்று பதில் வரும். பதில் வராவிட்டால் மோடம் தன் பதிவேட்டில் டி3 டைம்அவுட் என்று எழுதிவிட்டு மறுபடி முயலும். 16 முறை முயன்றும் பதில் இல்லையென்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அலைவரிசை தேடுவதிலிருந்து மீண்டும் தொடங்கும். நமக்கு நெட் இல்லாமல் போகும் அந்தச் சில நிமிடங்கள் இவைதான்.

சரி, எங்கே பார்ப்பது? முதலில் லேப்டாப்பை லேன் வயரில் மோடத்தோடு நேராக இணையுங்கள். அப்போது அறுபடவில்லை என்றால் குற்றவாளி வைஃபை, மோடத்தை விட்டுவிடலாம். அறுபட்டால், கை தானாக ரீஸ்டார்ட் செய்யப் போகும். கொஞ்சம் பொறுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் பிழைக் கணக்குகள் பூஜ்யமாகிவிடும். அதற்கு முன் பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்துப் பாருங்கள். பெரும்பாலான கேபிள் மோடம்களின் நிலவரப் பக்கம் அங்கே இருக்கும். இணையம் இல்லாதபோதும் திறக்கும்.

அதில் மூன்று எண்கள் முக்கியம். வரும் சிக்னலின் பவர் (பக்கத்தில் dBmV என்ற அலகில் இருக்கும்) -7க்கும் +7க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் 33 டெசிபலுக்கு மேல் இருக்க வேண்டும். மூன்றாவது, மோடம் அனுப்பும் பவர், அதே dBmV-ல். 40-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 50-ஐத் தாண்டினால், மோடம் தொண்டை கிழியக் கத்துகிறது, அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை என்று பொருள்.

இப்போது சுவரோரம் வயர் போகும் வழியைப் பாருங்கள். இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் ஏறத்தாழ 3.5 டெசிபலைத் தின்கிறது, அதாவது பவரில் பாதிக்கும் மேல். இரண்டு ஸ்ப்ளிட்டர் அடுத்தடுத்து இருந்தால் ஏழு போச்சு. அனுப்பும் பவர் 51-ல் திணறும் மோடம், அவற்றைக் கழற்றியதும் 44-க்கு இறங்கி மூச்சுவிடும். எந்த அறைக்கும் போகாத ஸ்ப்ளிட்டர்கள் பழைய வீடுகளில் நிறையவே கிடைக்கும். சிலர் இதற்குப் பூஸ்டர் வாங்குகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். டிவிக்கென்று வந்த பழைய பூஸ்டர்கள் பலவற்றில் திரும்பும் வழியே கிடையாது.

அறுபடும் நேரமும் துப்புக் கொடுக்கும். மழைக்குப் பிறகு என்றால் வெளிக் கனெக்டரில் தண்ணீர். கழற்றிப் பார்த்தால் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பி பளபளக்காமல் பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும். வெயில் உச்சியில் என்றால் சூட்டில் வயரின் இழப்பு கூடுவதும் கனெக்டர் தளர்வதும் காரணமாகலாம். வட அமெரிக்காவில் அணில் கடித்த வயரும் சகஜம். மாலையில் வேகம் மட்டும் குறைந்து இணைப்பு அறாமல் இருந்தால், அது தெருவே நெட்டில் இருக்கும் நெரிசல். வயரைக் குடைந்து பயனில்லை.

கனெக்டர்களை இறுக்கியும் ஸ்ப்ளிட்டரை எடுத்தும் எண்கள் மாறவில்லையா? நிலவரப் பக்கத்தையும் பதிவேட்டையும் தேதி நேரத்தோடு போட்டோ எடுத்து டெக்னீஷியனிடம் காட்டுங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள், அது உங்கள் கைக்கு எட்டாத வேலை.

எண்களெல்லாம் நன்றாக இருந்தும் அறுபட்டால் பதிவேட்டில் 1970 ஜனவரி 1 என்று தேதியிட்ட வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள். மோடம் அணைந்து எழுந்து, சரியான தேதியும் மணியும் லைன் வழியே கிடைக்கும்வரை பல மாடல்கள் எழுதும் தேதி அது. லைனைக் குறைசொல்லும் முன் மோடத்தின் பவர் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.