கதலியா, கப்பலா: குலையை நிறுக்கும் முன்

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு காணியில் கிழக்கே கதலி வாழை, மேற்கே கப்பல் வாழை என்று வைப்போம். கதலிக் குலை பெரிதாக இருந்தால் 'இந்த மண்ணுக்குக் கதலிதான்' என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் கிழக்கே கடல் பக்கம் மணல். மேற்கே வாவிப் பக்கம் போகப் போகத் தாழ்வு, ஈரம் நிற்கும், சில இடங்களில் உப்பும் ஏறும். குலையைப் பெருக்க வைத்தது இனமா, இடமா?

இதைப் பிரித்தறிய வழி உண்டு. மண் மாறும் திசைக்குக் குறுக்கே காணியை நாலு நீளத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எல்லா இனங்களையும் நட வேண்டும். எது எங்கே என்பதைத் துண்டுக்குத் துண்டு திருவுளச்சீட்டு போட்டே தீர்மானிக்க வேண்டும். நாமே தெரிவு செய்தால் பிடித்த இனம் நல்ல மண்ணுக்குப் போய்விடும். 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் வகுத்துத் தந்த முறை இது. நாலு துண்டிலும் ஒரே இனம் முந்தினால் நம்பலாம். ஒரு துண்டில் மட்டும் என்றால் பொறுக்க வேண்டும்.

வாழைக்கென்று தனிக் கவனமும் தேவை. உயரமான இனம் பக்கத்துக் குட்டையான இனத்தின் வெயிலை மறைக்கும். அதனால் ஒரு துண்டில் ஓர் இனத்தை ஐந்துக்கு ஐந்தாக 25 மரம் நட்டால், சுற்றிவர நிற்கும் 16ஐ விட்டு, நடுவில் உள்ள 9இன் குலைகளை மட்டுமே நிறுக்க வேண்டும். நடும் குட்டிகளும் ஒரே அளவாக, ஈட்டி போல ஒடுங்கிய இலையுடன் இருக்கட்டும்.

சரி, நிறுத்தாயிற்று. 15 கிலோ குலை 12 கிலோவை வென்றதா? முதலாவது 14 மாதத்திலும் இரண்டாவது 10 மாதத்திலும் வெட்டப்பட்டிருந்தால், மாதக் கணக்கில் இரண்டாவதே முந்தும்: 1.07க்கு எதிராக 1.2 கிலோ. அடுத்த குட்டியின் குலையையும் பார்த்த பிறகுதான் உண்மையான வேகம் தெரியும்.

பலர் தவறவிடுவது காற்றை. கச்சான் காற்றில் முறிந்த மரத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு நின்றவற்றின் சராசரியை எடுத்தால், காற்றுக்குத் தாங்காத இனம் சிறந்ததாகத் தோன்றும். அதை நம்பி நடுகிறவருக்கு விழுந்த மரத்தின் நட்டமும் சேர்ந்தே வரும். ஆகவே காற்றில் விழுந்ததற்குப் பூச்சியம் என்று எழுதி, நடுவில் நட்ட மரங்கள் அத்தனையாலும் வகுக்க வேண்டும்.