2 + 3 * 4 எப்படி 14 ஆகிறது?

பைத்தானில் 2 + 3 * 4 என்று அடித்து என்டர் தட்டினால் 14 வருகிறது. இடமிருந்து வலமாகக் கூட்டிப் பெருக்கியிருந்தால் 20 வந்திருக்கும். நிரலைப் படித்து இயக்கும் மொழிபெயர்ப்பி முதலில் கணக்கே போடுவதில்லை. அந்த வரியை ஒரு மரமாகக் கட்டுகிறது. எண்கள் மூன்றும் இலைகள். 3, 4 இரண்டையும் * ஒரு கிளையாகப் பிடித்துக்கொள்கிறது. 2-ஐயும் அந்தக் கிளையையும் + உச்சியில் இருந்து பிடிக்கிறது. பிறகு கீழிருந்து மேலே: 12, அப்புறம் 14.

எந்தச் செயற்குறி யாரை முதலில் பிடிப்பது என்பதுதான் முன்னுரிமை. சம நிலையில் இருந்தால் திசை முடிவு செய்யும். 10 - 4 - 3 இடப்பக்கமிருந்து சேர்ந்து 3 தரும். அடுக்குக்குறி மட்டும் வலப்பக்கமிருந்து சேரும்: 2 ** 3 ** 2 என்பது 64 அல்ல, 512. எண்ணுக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறியைவிட அடுக்குக்குறிக்குப் பிடி அதிகம் என்பதால் -2 ** 2 பைத்தானில் -4. எக்செல்லில் =-2^2 என்று போட்டுப் பாருங்கள், 4 வரும். எக்செல் சூத்திரத்தைப் பைத்தானுக்கு மாற்றும்போது விடையின் குறி சத்தமில்லாமல் புரண்டுவிடும்.

சி மொழியில் இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. 6 இரட்டைப்படையா, அதாவது அதன் இரும வடிவின் கடைசி இலக்கம் 0-ஆ என்று பார்க்க 6 & 1 == 0 என்று எழுதுகிறோம். சி-யில் == முந்திக்கொள்ளும்: 1 == 0 பொய், அதாவது 0; 6 & 0-வும் 0. எந்த எண்ணைக் கொடுத்தாலும் இரட்டைப்படை இல்லை என்றே சொல்லும். இது பிழையும் ஆகாது. ஜிசிசி என்ற சி மொழிபெயர்ப்பியில் எச்சரிக்கைகளை முடுக்கியிருந்தால் ஒரு முணுமுணுப்பு வரும், அவ்வளவுதான். காரணம் பழைய கடன். சி-க்கு முந்தைய பி மொழியில், நிபந்தனைகளை இணைக்கும் வேலையையும் & குறியே பார்த்தது; அதற்கு == முந்துவதுதான் வசதி. பிறகு சி-யில் && அந்த வேலைக்கென்று தனியாக வந்தது. ஏற்கெனவே எழுதிய நிரல்கள் உடையக்கூடாதே என்று சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி &-இன் இடத்தை மாற்றவில்லை.

பைத்தான் இதைச் சரிசெய்து &-ஐ மேலே ஏற்றியது. அதே வரி அங்கே சரி என்கிறது. ஆனால் அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு வலி இடம் மாறியது. விலை > 100 & இருப்பு < 5 என்று இரு பத்திகளை வடிகட்டினால், & முதலில் 100-ஐயும் இருப்பையும் கவ்விக்கொள்ளும்; ஒப்பீடு குலைந்து வேல்யூஎரர் என்ற பிழை வரும். (விலை > 100) & (இருப்பு < 5) என்று எழுதினால் வேலை செய்யும்.