தோற்றுத் தோற்றுத் தெரிந்துகொள்ளும் நிரல்

யூனிக்ஸ் குடும்பத்துக் கணினிகளில் மென்பொருளை மூலநிரலாக இறக்கிச் சொந்தமாகக் கட்டிக்கொள்பவர்களுக்கு மூன்று கட்டளைகள் தூக்கத்திலும் நினைவில் இருக்கும்: கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் முதலாவதைத் தட்டியதுமே திரையில் வரிகள் ஓடத் தொடங்கிவிடும். சி கம்பைலர் இருக்கிறதா? இருக்கிறது. அது உருவாக்கும் நிரல் ஓடுகிறதா? ஓடுகிறது. இந்த ஹெடர் கோப்பு உண்டா? இல்லை. இப்படி நூற்றுக்கணக்கான கேள்விகள். கேட்பதும் அதுவே, பதில் சொல்வதும் அதுவே. நாம் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம்.

நானும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தேன். கணினியில் கண்ணெதிரே இருக்கும் ஒரு நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல்துண்டுகளின் தொகுப்பை, அது "இல்லை" என்று சாதித்த நாளில்தான், யாரை விசாரித்துவிட்டு இப்படிச் சொல்கிறது என்று பார்க்கத் தோன்றியது. அது யாரையும் விசாரிப்பதில்லை. எந்தப் பட்டியலையும் புரட்டுவதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குட்டி சி நிரலை எழுதி, மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலரிடம் நீட்டுகிறது. கம்பைலர் வாங்கிக்கொண்டால் "ஆம்". பிழை என்று திருப்பி அடித்தால் "இல்லை". வேலை முடிந்ததும் அந்தக் குட்டி நிரலை அழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறது. நிரல் எழுதுபவர்கள் அஞ்சி ஓடும் பிழைச் செய்தி, இங்கே வேண்டுமென்றே வரவழைக்கப்படும் ஒரு பதில்.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? 1980களில் யூனிக்ஸ் என்பது ஒரு பொருளின் பெயரல்ல, குலப்பெயர். சன், ஹெச்பி, ஐபிஎம், டிஜிட்டல் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினிக்கென்று ஒரு யூனிக்ஸ் வைத்திருந்தது. ஒரு சொற்சரத்துக்குள் ஓர் எழுத்தைத் தேடுவது போன்ற சாதாரண வேலைக்குக்கூட, பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸின் வழிவந்தவற்றில் ஒரு பெயரில் செயற்கூறு (பெயர் சொல்லி அழைக்கும் நிரல்துண்டு) இருந்தது. ஏடி அண்ட் டி-யின் சிஸ்டம் ஃபைவ் வழிவந்தவற்றில் வேறொரு பெயரில். அவற்றை அறிவிக்கும் ஹெடர் கோப்புகளின் பெயர்களுக்கிடையே வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து. சி மொழியோ தன் பங்குக்கு, 'இன்ட்' என்னும் முழு எண் எத்தனை பைட் என்பதை அந்தந்தக் கணினிக்கே விட்டுவிட்டது. பிடிபி-11-இல் அது 2 பைட். அதன் வாரிசான வேக்ஸில் 4.

முதலில் எல்லோருக்கும் தோன்றிய வழி, கணினியின் பெயரைக் கேட்பது. "சன் என்றால் இப்படி, ஹெச்பி என்றால் அப்படி" என்று மூலநிரலெங்கும் நிபந்தனைகளை இறைத்துவைப்பார்கள். அடுத்த பதிப்பில் அந்நிறுவனம் விடுபட்ட செயற்கூறைச் சேர்த்துவிட்டால், எழுதிவைத்த நிபந்தனை அன்றே பொய்யாகிவிடும். நேற்று பிறந்த கணினிக்கோ அங்கே இடமே இராது. பெயரைக் கேட்காதே, செய்துகாட்டச் சொல் என்ற எண்ணம் இந்தத் தொல்லையில்தான் முளைத்தது.

பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால், 1984-இல் ஆர்என் என்ற தன் செய்தி வாசிக்கும் நிரலோடு ஒரு கான்ஃபிகர் ஸ்கிரிப்டையும், அதாவது கட்டளைத் தொகுப்பையும், சேர்த்து அனுப்பினார். அது கணினியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தெரியாததைப் பயனரிடமே கேட்கும். 1991 கோடையில், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காக வேலை செய்துகொண்டிருந்த டேவிட் மெக்கன்சி, தன் பாட்டைக் குறைத்துக்கொள்ள ஆட்டோகான்ஃபை எழுதத் தொடங்கினார். மென்பொருளை உருவாக்குபவர் தனக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று சில வரிகளில் எழுதுவார். எம்4 என்ற பழைய மேக்ரோ கருவி அதை ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஷெல் ஸ்கிரிப்டாக விரிக்கும். பயனரிடம் ஆட்டோகான்ஃப் இருக்க வேண்டியதில்லை, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஒரு ஷெல் இருந்தால் போதும். அந்த ஷெல்லும் எவ்வளவு பழையதாக இருக்குமோ தெரியாது என்பதால், சில ஷெல்களில் கிடையாத வசதிகள் எதையும் தொடாமல் அந்த ஸ்கிரிப்ட் எழுதப்படுகிறது. அதைத் திறந்து பார்த்தவர்கள் உடனே மூடிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு சோதனையை நெருங்கிப் பார்ப்போம். ஒரு செயற்கூறு இருக்கிறதா என்று அறிய, கான்ஃபிகர் அதன் உண்மையான அறிவிப்பைத் தேடுவதில்லை. "இந்தப் பெயரில் ஒரு செயற்கூறு உண்டு, அது ஓர் எழுத்தைத் திருப்பித் தரும்" என்று தானே அறிவித்துவிட்டு, அதை அழைக்கும் ஒரு நிரலை எழுதுகிறது. அது எழுத்தைத் திருப்பித் தராது என்பது கான்ஃபிகருக்கும் தெரியும், பொய்தான். ஆனால் கம்பைலருக்கு ஏதோ ஓர் அறிவிப்பு இருந்தால் போதும். அடுத்து வந்து நிரலை நூலகங்களோடு இணைக்கும் லிங்கருக்கோ பெயரைத் தவிர எதுவும் தெரியாது. லிங்கர் நூலகங்களுக்குள் அந்தப் பெயரைக் கண்டுபிடித்துக் கோத்துவிட்டால் செயற்கூறு இருக்கிறது என்று பொருள். நிரலை ஓட்டிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. பதில் ஒரு ஹெடர் கோப்பில் ஒற்றை வரியாகப் போய் உட்காரும். மூலநிரல் அந்த வரியைப் பார்த்துத் தன் வழியைத் தேர்ந்துகொள்ளும்.

ஓட்டிப் பார்க்காமலே தெரிந்துகொள்வது என்பது இன்னொரு இடத்தில் உயிர்நாடியாகிவிடுகிறது. மேசைக்கணினியில் உட்கார்ந்துகொண்டு, வேறு வகைச் சிப் உள்ள ஒரு சிறு கருவிக்காக மென்பொருள் கட்டுகிறோம் என்று வையுங்கள். கம்பைலர் உருவாக்கும் நிரல் இந்தக் கணினியில் ஓடாது. அந்தக் கருவியோ கையில் இல்லை. அதில் 'இன்ட்' எத்தனை பைட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு ஆட்டோகான்ஃப் கையாளும் தந்திரத்தைப் போல நான் ரசித்தது குறைவு. சி மொழியில் ஓர் அணிவரிசையின், அதாவது வரிசையாக அடுக்கிய மதிப்புகளின், நீளம் எதிர்ம எண்ணாக இருக்கக் கூடாது. இருந்தால் கம்பைலர் மறுத்துவிடும். எனவே கேள்வியை அணிவரிசையின் நீளத்துக்குள்ளேயே ஒளித்துவைக்கிறார்கள். நிபந்தனை மெய்யானால் நீளம் 1, பொய்யானால் கழித்தல் 1 என்று வருமாறு ஒரு சிறு கணக்கு. "இன்ட்டின் அளவு 0-க்குள் அடங்குமா?" பிழை. "1-க்குள்?" பிழை. "3-க்குள்?" மறுபடியும் பிழை. "7-க்குள்?" கம்பைலர் பேசாமல் வாங்கிக்கொள்கிறது. ஆக, விடை 4-க்கும் 7-க்கும் இடையில். இனி நடுவில் வெட்டலாம். "5-க்குள்?" சரி. "4-க்குள்?" சரி. விடை 4. ஒரு நிரலும் ஓடவில்லை, அந்தக் கருவியை யாரும் தொடவில்லை.

பைட் வரிசை இன்னும் வேடிக்கை. ஓர் எண்ணின் பெரிய பாதியை முதலில் வைக்கும் கணினிகளும் உண்டு, சிறிய பாதியை முதலில் வைப்பவையும் உண்டு. இதை அறிய, 16-பிட் எண்களால் ஆன இரண்டு அணிவரிசைகளை எழுதிக் கம்பைல் செய்கிறது கான்ஃபிகர். பெரிய பாதி முதலில் வரும் கணினியானால், முதல் அணிவரிசையின் எண்கள் ஆஸ்கி என்ற குறியீட்டின் எழுத்துகளாக "பிக் எண்டியன்" என்று தொடங்கும் ஆங்கிலச் சொல்லாகப் படியும். மற்ற வகையானால், இரண்டாவது அணிவரிசை "லிட்டில் எண்டியன்" என்று படியும். பொருந்தாதது எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். பிறகென்ன, கம்பைலர் தந்த கோப்புக்குள் கிரெப் கட்டளையால் அந்தச் சொற்களைத் தேட வேண்டியதுதான். ஆஸ்கி பயன்படுத்தாத ஐபிஎம் பெருங்கணினிகளையும் மறக்காமல், அவற்றின் எழுத்துக்குறியீட்டில் இன்னொரு இணை அணிவரிசைகளும் அங்கே உண்டு.

எல்லாம் முடிந்ததும் மேக் கட்டளைக்கான குறிப்புகள் அடங்கிய மேக்ஃபைல், வார்ப்புருவிலிருந்து உண்மையான கோப்பாக எழுதப்படுகிறது. பெல் ஆய்வகத்தில் 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக், அதைப் படித்து எந்தக் கோப்பை எப்போது கம்பைல் செய்வது என்று முடிவெடுக்கிறது. சரியாகத் திருத்திவிட்ட ஒரு நிரலில், திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்து ஒரு சக ஊழியர் ஒரு காலைப்பொழுதையே வீணடித்ததுதான் மேக்கின் தோற்றக்கதை. அதன் கட்டளை வரிகள் டேப் குறியோடுதான் தொடங்க வேண்டும் என்ற விதி இன்றும் புதியவர்களைக் கடிக்கிறது. அதை மாற்றலாம் என்று ஃபெல்ட்மனுக்குத் தோன்றுவதற்குள் ஏறத்தாழ 12 பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம். அவர்களைத் தொந்தரவு செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

மேக் நம்புவது கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தை. அதனால் கான்ஃபிகர் தொடக்கத்திலேயே, சூழல் புத்தி தெளிவாக இருக்கிறதா என்ற பொருளில் ஒரு வரியை அச்சிடும். புதிதாக ஒரு கோப்பை உருவாக்கி, அது தன்னைவிட இளையதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. கடிகாரம் பின்தங்கிய ஒரு மெய்நிகர் கணினியில் இந்த வரி என்னை ஒருமுறை தடுத்து நிறுத்தியது. அன்று திட்டினேன், பிறகு யோசித்தால் அது நிறுத்தாமல் விட்டிருந்தால் மேக் எதைக் கட்டியிருக்கும், எதை விட்டிருக்கும் என்றே சொல்லியிருக்க முடியாது.

நம் கையில் இருக்கும் அமைப்புகள் சிலவே. எங்கே நிறுவுவது என்பதை பிரிஃபிக்ஸ் சொல்லும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் இருக்கும் லோக்கல். நம் சொந்தக் கோப்புறையைக் காட்டிவிட்டால் நிர்வாகி உரிமை இல்லாமலே வேலை முடியும். கம்பைலருக்கான குறிப்புகளை சிஃப்ளாக்ஸ் ஏந்திச் செல்லும். கம்பைலர் ஜிசிசி என்றால் பிழைநீக்கத் தகவலோடு இரண்டாம் நிலை உகப்பாக்கம் என்பது வழக்கமான இயல்புநிலை. இவை எளிது. சிக்கல், "வித்" என்று தொடங்கும் தேர்வுகளில் இருக்கிறது. இந்த நூலகத்தோடு கட்டு, அது இல்லாமல் கட்டு என்று சொல்பவை அவை.

நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், பல கான்ஃபிகர்கள் தாமே தேடி, கிடைத்தால் சேர்த்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் அந்த வசதியை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கட்டிமுடிக்கும். ஒரு நிரல்மொழியை இப்படிக் கட்டினேன். எல்லாம் சுபமாக முடிந்தது. சில நாள் கழித்துத்தான் அதனால் எந்தப் பாதுகாப்பான இணையதளத்தோடும் பேச முடியவில்லை என்று தெரிந்தது. குறியாக்க நூலகம் கணினியில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் நிரலைக் கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் இல்லை. லினக்ஸ் வழங்கல்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் தனித்தனிப் பொதிகளாகத்தான் வருகின்றன. ஓடிய நூற்றுக்கணக்கான வரிகளில் ஒன்று "இல்லை" என்று சொல்லியிருக்கிறது. நான் அப்போது அங்கே இல்லை. இன்ன நூலகம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டிருந்தால், நன்றாக எழுதப்பட்ட கான்ஃபிகர் அங்கேயே நின்று புகார் சொல்லியிருக்கும்.

இந்த முறையின் பலவீனமும் இதுதான். "இல்லை" என்பதற்குக் காரணம் கேட்பதில்லை. தேடிய பொருள் இல்லாமல் போனாலும் பிழை. ஹெடர் கோப்பு இல்லாமல் போனாலும் பிழை. சோதனை நிரலையே தப்பாக எழுதியிருந்தாலும் பிழை. மூன்றுக்கும் திரையில் வருவது ஒரே சொல். உண்மைக் காரணம் கான்ஃபிக் லாக் என்ற கோப்பில் இருக்கிறது: எழுதிய குட்டி நிரல், கொடுத்த கட்டளை, கம்பைலர் சொன்ன பதில் மூன்றும் அப்படியே. ஆனால் அந்தக் கோப்பின் கடைசியைப் பார்த்து ஏமாறக் கூடாது. அங்கே மாறிகளின் நீண்ட பட்டியல்தான் கிடக்கும். ஐயத்துக்குரிய பெயரைத் தேடி, அது "இல்லை" ஆன இடத்துக்குச் சற்று மேலே படிக்க வேண்டும்.

2024 மே மாதம் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத செயற்கூறை அழைப்பதை எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியது. கிளாங் என்ற மற்றொரு கம்பைலர் அதற்கு முந்தைய ஆண்டே 16-ஆம் பதிப்பில் இதைச் செய்துவிட்டது. சி மொழித் தரம் 1999-லேயே அதற்கான இடத்தை நீக்கிவிட்டதால் இது நியாயமானதுதான். ஆனால் பழைய கான்ஃபிகர்களில் பல சோதனைகள், உரிய ஹெடரைச் சேர்க்காமல் அவசரமாக எழுதப்பட்டவை. கால் நூற்றாண்டாக "ஆம்" என்று சொல்லிவந்தவை திடீரென்று "இல்லை" என்று சொல்லத் தொடங்கின. கணினியில் எதுவும் மாறவில்லை, கட்டுதலும் தோற்கவில்லை, மென்பொருள் மட்டும் ஒரு வசதியை இழந்து வெளிவரும்.

தற்செயலாக நடப்பதை வேண்டுமென்றும் செய்யலாம். 2024 மார்ச் 29 அன்று, தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியான உள்நுழைவு ஏன் அரை விநாடி கூடுதலாக எடுக்கிறது என்று தோண்டிக்கொண்டிருந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்று இருப்பதை அறிவித்தார். அதைத் திறந்துவிடும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்த ஓர் எம்4 கோப்பில் இருந்தன. கான்ஃபிகரை யாரும் படிப்பதில்லை என்பது அதைச் செய்தவருக்குத் தெரிந்திருந்தது.

அதே திட்டத்தில் சீமேக் என்ற வேறொரு கட்டுமானக் கருவிக்கான கோப்பும் உண்டு. அதுவும் குட்டி நிரலைக் கம்பைல் செய்துதான் விடை தேடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வேலி கிடைக்குமா என்று கேட்கும் சோதனையில், காலி வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. தனியாக நிற்கும் புள்ளி சி மொழியில் இலக்கணப் பிழை. எனவே எந்தக் கணினியிலும் அந்தச் சோதனை தேறாது. எல்லா இடத்திலும் பதில் "இல்லை". வேலி போடாமலே மென்பொருள் கட்டப்படும். திரையைப் பார்ப்பவருக்கு, இந்தக் கணினியின் கெர்னல் பழையது போலும் என்றுதான் தோன்றும். பின்னர் அதைத் திருத்தியவர் நீக்கியது அந்த ஒரு புள்ளியை.