நின்றதும் மறையும் கெண்டைக்கால் வலி

சென்ற வாரம் என்னிடம் வந்தவருக்கு வயது 61. வலது கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. கணுக்காலுக்கு மேலே வெந்நீர்ப் பை சுட்ட கொப்புளம் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. படுக்கச் சொன்னேன். படுத்த ஒரு நிமிடத்திற்குள் அந்தக் காலை மட்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டார். "இப்படி வச்சாத்தான் டாக்டரம்மா, ராத்திரி கொஞ்சம் கண்ணசர முடியுது" என்றார். புவியீர்ப்பு விசை இறக்கிக் கொடுக்கும் அந்தச் சிறிதளவு இரத்தத்தை நம்பித்தான் அவருடைய பாதம் உயிரோடு இருந்தது.

காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி அடைபடும் இந்த நோய் அவருக்குத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கையில் ரேஷன் கடை வாசலை எட்டும்போது ஆடுசதை இறுக்கிப் பிடிக்கும். இரண்டு நிமிடம் நின்றால் வலி அடங்கிவிடும். மறுநாளும் அதே ரேஷன் கடை, அதே வலி. "நரம்பு வீக்கா இருக்குன்னு சொன்னாங்க" என்றார் அவர் மனைவி. நரம்பு மாத்திரை, நரம்பு ஊசி, தைலம், கடைசியாக "அதிகம் நடக்காதீர்கள்" என்ற அறிவுரை என இரண்டு ஆண்டுகள் கழிந்தன. நீரிழிவும் பீடியும் கூடவே இருந்தன. பாதத்தில் கை வைத்து நாடித்துடிப்பு இருக்கிறதா என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை. இந்த மாதத்தில் இதே கதையோடு வந்த நான்காவது நபர் அவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் பேச்சுவழக்கில் 'நரம்பு' என்ற ஒரே சொல் எத்தனை பொருள்களைச் சுமக்கிறது என்று பாருங்கள். குளுக்கோஸ் ஏற்றச் சிரையில் ஊசி குத்தினால் "நரம்பு கிடைக்கவில்லை" என்கிறோம். சிரை புடைத்து வளைந்தால் "நரம்பு சுருட்டிக்கொண்டது". தசை பிடித்தால் "நரம்பு இழுக்கிறது". தசைநாண் தெரிந்தாலும் அது நரம்புதான். உணர்ச்சியையும் கட்டளையையும் கடத்தும் உண்மையான நரம்பு வேறு, இரத்தம் கொண்டுசெல்லும் தமனி வேறு, இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரை வேறு. தமனி அடைத்த ஒருவருக்கு நரம்புக்கான மாத்திரை கொடுப்பது, தண்ணீர்க் குழாய் அடைத்த வீட்டில் மின்கம்பியை மாற்றுவதற்கு ஒப்பானது.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. உழைக்கும் தசைக்கு எவ்வளவு இரத்தம் வேண்டும் என்பதை முடிவு செய்வதில் நரம்பின் சொல்லே பெரும்பாலும் எடுபடுவதில்லை. ஓய்வில் இருக்கும் 100 கிராம் தசைக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிலிட்டர் இரத்தம் போதும். கடுமையாக உழைக்கும்போது அது 20 மடங்கிற்கும் மேல் உயரும். சிவப்பணு ஒன்று உடலைச் சுருக்கிக்கொண்டு நுழையும் அளவுக்குக் குறுகிய இரத்தக் குழாய்களான தந்துகிகளுக்குத் தசைச்சுவர் கிடையாது; அவற்றுக்கு முன்னால் உள்ள நுண்தமனிகளே மதகுகள். வேலை செய்யும் தசை வெளியிடும் அடினோசின், பொட்டாசியம், கரியமில வாயு, அமிலம், நுண்தமனிகளின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு ஆகியவை சேர்ந்து அந்த மதகுகளைத் திறக்கின்றன. அப்போது இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகள் 'இறுக்கு' என்று கட்டளையிட்டாலும், உழைக்கும் தசையினுள் அந்தக் கட்டளை பெருமளவு வலுவிழந்துவிடுகிறது. தசையின் தேவைக்கேற்பத் தந்துகிகளில் இரத்தம் பாயும் விதத்தை ஆராய்ந்த டென்மார்க் அறிஞர் ஆகஸ்ட் க்ரோக், அதற்காக 1920இல் நோபல் பரிசு பெற்றார். நூறு ஆண்டுகளுக்கு முன்பே அடித்தளம் இடப்பட்ட அறிவு இது.

இப்போது ரேஷன் கடைக்கு வருவோம். தொடையில் உள்ள பெரிய தமனி பாதிக்கு மேல் அடைத்திருந்தாலும், உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டிய 3, 4 மில்லிலிட்டர் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும், ஏனெனில் கீழே உள்ள மதகுகள் ஏற்கெனவே திறந்து ஈடுகட்டிக்கொண்டிருக்கும். நடக்கத் தொடங்கியதும் தசை கூடுதல் இரத்தம் கேட்கிறது. திறக்க இனி மதகு மிச்சமில்லை, மேலிருந்து வரத்தும் இல்லை. ஆகவே ஏறத்தாழ ஒரே தொலைவில் வலி வருகிறது, நின்றால் தேவை குறைந்து வலி மறைகிறது. (இரத்தக் குழாயை விரிக்கும் மாத்திரைகள் மட்டும் இங்கே ஏன் பெரிதாக உதவுவதில்லை என்பதற்கும் இதுவே விடை.)

நரம்பு வலியே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீரிழிவால் நரம்பு கெட்டவருக்கு இரு பாதங்களிலும் எரிச்சலும் மரமரப்பும் ஓய்விலும் இருக்கும். அதற்கும் நடக்கும் தொலைவுக்கும் தொடர்பு இராது. முதுகுத்தண்டில் நரம்பு நெரிபட்டவருக்கு நடந்தால் வலி வரும், ஆனால் வெறுமனே நின்றால் போகாது. உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் குறையும். தமனி அடைப்பும் நீரிழிவால் வந்த நரம்புக் கேடும் ஒருவரிடமே இருக்கும்போது, மரத்துப்போன கால் வலியையே காட்டாமல் நேராகப் புண்ணில் கொண்டுபோய் நிறுத்தும்.

நடந்தால் வலித்து, நின்றால் போகும் கால் உங்கள் வீட்டில் இருந்தால், பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் துடிப்பைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று பொருள். நீரிழிவுக்காரர்களில் சிலருக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து அந்த எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். அவர்களுக்குக் கால்விரல் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

பீடியையும் சிகரெட்டையும் நிறுத்துங்கள். குறைப்பது போதாது, பீடி இயற்கையானது என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். வெந்நீர்ப் பை வைக்காதீர்கள்: சூடேறிய திசு கூடுதல் ஆக்சிஜன் கேட்கும், கொடுக்க இரத்தம் இல்லை, மரத்த தோலுக்குச் சுடுவதும் தெரியாது. வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

தயவுசெய்து நடையை நிறுத்தாதீர்கள். புண்ணும் இரவு வலியும் இல்லாதவருக்கு, மருத்துவர் இதயத்தைச் சோதித்து அனுமதித்த பிறகு, நடைதான் மருந்து. வலி ஓரளவு ஏறும்வரை நடந்து, நின்று, அது முழுவதும் அடங்கியதும் மீண்டும் நடக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். தசையில் புதிய தந்துகிகள் கிளைக்கும். வருகிற ஆக்சிஜனை முழுதாகப் பயன்படுத்தவும் தசை பழகிக்கொள்ளும். ரேஷன் கடையைத் தாண்டி, அடுத்த தெருவரை நிற்காமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புண், கறுத்த விரல், படுத்தால் வலி, தொங்கவிட்டால் சுகம் என்ற நிலையில் இருப்பவருக்கு இந்த நடைப்பயிற்சி பொருந்தாது. அவர் இந்த வாரமே இரத்தநாள அறுவை மருத்துவரிடம் வர வேண்டும். திடீரென ஒரு கால் சில்லிட்டு, வெளுத்து, தாங்க முடியாமல் வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்தத் தசைக்கு ஆறு மணி நேரம்தான் தவணை. இரவு எந்த நேரமானாலும் 108ஐ அழையுங்கள்.