டென்ட் பயணத்துக்கு ஐஸ் பெட்டி: எவ்வளவு ஐஸ், எதை உள்ளே வைப்பது

ஏலகிரி, ஏற்காடு என்று டென்ட் போட்டுத் தங்கக் கிளம்புகிறவர்கள், "மேலே எப்படியும் குளிரத்தானே போகிறது" என்று ஐஸைக் குறைத்துவிடுகிறார்கள். ஆனால் ஐஸ் பெரும்பாலும் வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. மே மாத வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடும் காரின் டிக்கிக்குள் இருக்கும் சூடு, வெளியே இருப்பதைவிட அதிகம். பெட்டியை ஏசி படும் இடத்தில், பின்சீட்டுக்குக் கீழே வைத்து, மேலே ஒரு கம்பளியைப் போர்த்துங்கள். சாப்பிட நிறுத்தும்போது காரை நிழல் பார்த்து விடுங்கள்.

பெட்டி தானாக எதையும் குளிர்விப்பதில்லை. வெளிச்சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்துவது மட்டும்தான் அதன் வேலை. குளிர்ச்சி முழுவதும் ஐஸிலிருந்து வருகிறது, அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ ஐஸ் கரையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 32 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை 4 டிகிரிக்கு இறக்க 117 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கவேண்டும். அதாவது ஒரே பாட்டிலுக்கு 350 கிராம் ஐஸ். வழியில் கடையில் வாங்கிய பத்து பாட்டிலைச் சூடாகவே உள்ளே போட்டால் மூன்றரைக் கிலோ ஐஸ் அதற்கே போய்விடும். இதே பாட்டில்களை முந்தைய நாளே வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் அந்தச் செலவே இல்லை.

சுவர் வழியாகவும் வெப்பம் கசியும். 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள 25 லிட்டர் தெர்மாகோல் பெட்டியில், வெளியே 30 டிகிரி இருந்தால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ ஐஸ் இப்படியே கரையும். அதனால் அந்த அளவுப் பெட்டியில் ஒன்றரை நாளுக்கு 4 கிலோ உணவு, 8 கிலோ ஐஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையில் இரண்டுக்கு ஒன்று. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உணவை அடைத்துவிட்டு மிச்ச இடத்தில் இரண்டு ஜெல் பேக்கைச் செருகுகிறார்கள். அது ஒரு பொழுதுகூடத் தாங்காது.

ஐஸுக்கு நல்ல வழி, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் குடிநீரை ஊற்றி உறைய வைப்பது. உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் விரியும், ஆகவே கழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் விடுங்கள். நடுப்பகுதி வரை உறைய வீட்டு ஃப்ரீசரில் முழுதாக ஒரு நாள் வேண்டும். பெரிய கட்டியாக இருப்பதால் உதிரி ஐஸைவிட மெதுவாகக் கரையும், பெட்டி நனையாது, கரைந்ததைக் குடிக்கலாம். மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் பார் ஐஸ் மலிவுதான். ஆனால் அது எந்தத் தண்ணீரில் போட்டது என்று தெரியாது, உறைவதால் கிருமிகள் செத்துவிடுவதும் இல்லை. கெட்டியான கவரில் கட்டி, குளிர்ச்சிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு துண்டுகூட ஜூஸில் விழக்கூடாது.

முந்தைய இரவே காலிப் பெட்டிக்குள் இரண்டு ஐஸ் பாட்டில் போட்டு மூடிவிடுங்கள்; பெட்டிச் சுவரின் சூடு அதிலேயே இறங்கிவிடும். காலையில் புது பாட்டில்களை அடுக்குங்கள். மசாலா தடவிய கோழியைத் தட்டையாகப் பரப்பி உறைய வைத்து, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் அடியில் வையுங்கள். மேலே வைத்தால் அதன் நீர் கசிந்து தயிரிலும் பழத்திலும் சேரும். அதன் மேல் பால், தயிர். எல்லாவற்றுக்கும் மேலே கட்டாயம் இரண்டு ஐஸ் பாட்டில், ஏனென்றால் குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும். இடைவெளிகளைத் துண்டால் அடையுங்கள். மூடி விளிம்பைச் சுற்றி பிரவுன் டேப்.

குளிர்பானத்துக்குத் தனிப் பெட்டி வையுங்கள். பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கிற பெட்டியில் கோழி இருக்கவே கூடாது. அந்தப் பெட்டியில் கரைந்த தண்ணீரைக் கொட்டவும் வேண்டாம்; வெறும் ஐஸைவிட ஐஸ் மிதக்கும் தண்ணீர் பாட்டிலைச் சுற்றிலும் தொட்டுக்கொண்டிருப்பதால் சீக்கிரம் குளிரும்.

உள்ளே ஐஸ் மிச்சம் இருக்கிறது என்பதால் மேல்தட்டில் இருக்கும் பால் பத்திரம் என்று சொல்லமுடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை, ஐஸில் படாமல், நடுவில் உள்ள உணவை ஒட்டி வையுங்கள். கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். இறைச்சியோ மீனோ பாலோ 5 டிகிரிக்கு மேலே இரண்டு மணி நேரம் இருந்துவிட்டால் எடுத்து எறியுங்கள். வெளியே 32 டிகிரியைத் தாண்டியிருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

நம் சாப்பாட்டில் அதிகம் ஏமாற்றுவது சோறுதான். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாசனையும் மாறியிருக்காது. மதியம் வாங்கிய பிரியாணியை இரவு அடுப்பில் வைத்துக் கிளறிச் சாப்பிடுவது இதனால்தான் ஆபத்து. அரிசியை அங்கேயே, ஒரு வேளைக்கு வேண்டிய அளவு வடியுங்கள்.

நன்றாகப் புளி இறங்கி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறிய புளியோதரை முதல் நாள் மதியத்துக்குத் தாங்கும். தேங்காய்ச் சட்னி தாங்காது. இட்லிப் பொடியும் எண்ணெயும் எடுத்துப் போங்கள். பாக்கெட் பாலுக்குப் பதில் டெட்ரா பேக்கில் வரும் யுஎச்டி பால் வாங்கினால், பிரிக்கும்வரை குளிர்ச்சியே தேவையில்லை. பெட்டிக்குள் போகவேண்டிய பொருள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

காரில் செருகும் சின்ன ஃப்ரிட்ஜ் வாங்குவதானால் கம்ப்ரஸர் உள்ளதா என்று கேளுங்கள். கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகை, வெளி வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரிதான் குறைக்கும். 38 டிகிரி வெயிலில் உள்ளே 18 டிகிரிக்குக் கீழே போகாது. கோழிக்கு அது போதாது. கம்ப்ரஸர் வகையை எஞ்சினை அணைத்துவிட்டு இரவு முழுக்க ஓட்டினால் 20 ஆம்பியர்-மணி வரை இழுக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம். பேட்டரிப் பாதுகாப்பு சுவிட்சை 'ஹை' நிலையில் வையுங்கள்.

இன்சுலின் எடுத்துப் போகிறவர்கள் அதை ஐஸில் படும்படி வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. துணியில் சுற்றி, தனி டப்பாவில் போட்டு, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே அறை வெப்பத்திலேயே சுமார் நான்கு வாரம் இருக்கலாம். உங்கள் மருந்தின் அட்டையில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும். அதை காரின் டேஷ்போர்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.