பார உலோகமா, கன உலோகமா?

நுவரெலியாப் பக்கம் லீக்ஸ், கரட் போடுகிறவர்களிடம் பசளை, கோழி எரு, டொலமைட் சுண்ணாம்பு என்று பேசினால் பேச்சு ஓடும். ‘பார உலோகம்’ என்றால் அது ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களுக்கு இங்கே பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகம் தரும் சொல். “மண்ணுக்குள்ள பாரமா இரும்பு கெடக்குதா தம்பி?” என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பாரம் என்றால் சுமை. கொழுந்துக் கூடை முதுகில் இழுக்குமே, அது பாரம். பார உலோகத்தைத் தமிழகத்தில் ‘கன உலோகம்’ என்பார்கள். அந்தக் ‘கன’ என்ற வடசொல்லுக்குத் திண்மை, செறிவு என்று பொருள். இங்கே பேச்சு செறிவைப் பற்றியது. ஒரு கன சென்ரிமீற்றர் அலுமினியம் 2.7 கிராம், கட்மியம் 8.65, ஈயம் 11.3. ஏறத்தாழ 5 கிராமைத் தாண்டினால் கன உலோகம் என்பது பரவலான கணக்கு. அதனால் என் வாக்கு ‘கன’வுக்கே. உலோகமும் வடசொல்தான், பழந்தமிழில் ‘மாழை’ உண்டு. ஆனால் ‘கனமாழை’ என்று பசளைக் கடையில் சொல்லிப் பாருங்கள், முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இந்தக் கணக்கும் உறுதியானதில்லை. முழு உலோகமே அல்லாத ஆர்செனிக்கையும் இதே பட்டியலில்தான் சேர்க்கிறார்கள்.

பயிருக்குக் கேடு எடையால் வருவதில்லை, ஆள்மாறாட்டத்தால் வருகிறது. 1817இல் ஸ்ட்ரோமையர் என்ற ஜெர்மானியர் கட்மியத்தைக் கண்டதே நாகச் சேர்மம் ஒன்றில் கலந்திருந்த மாசாகத்தான். நாகம் என்றால் துத்தநாகம். இரண்டுக்கும் சாயல் ஒன்று. நாகத்துக்கும் இரும்புக்கும் வேர் திறந்து வைத்திருக்கும் வாசல் வழியே கட்மியமும் உள்ளே போய்விடும். அப்புறம் பயிருக்கு இரும்பு குறையும்; இளம் இலையில் நரம்பு பச்சையாக நிற்க, நடுவெல்லாம் மஞ்சளாகும். வேர் குட்டையாகிப் பழுப்பேறும். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், கட்மியம் இலைவரை ஏறும். செடி வாடாமலே இலையில் சேர்ந்துவிடுவதும் உண்டு; கீரையில் அதுதான் பயம்.

கட்மியம் மண்ணுக்கு வரும் ஒரு வழி பொஸ்பேற்றுப் பசளை. அந்தப் பசளையைச் செய்ய எடுக்கும் பாறையிலேயே கட்மியம் கொஞ்சம் இருக்கும். மண் புளித்தால், அதாவது அமிலத்தன்மை கூடினால், அது எளிதில் கரைந்து வேருக்குக் கிடைக்கும். மரக்கறிப் பாத்தியில் டொலமைட் போட்டால் புளிப்பு இறங்கி, கட்மியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். தேயிலைக்கு அப்படி அள்ளிப் போட முடியாது. அதற்குப் புளித்த மண்தான் பிடிக்கும். செடியை வெட்டிவிடும் கவ்வாத்தை ஒட்டி, அளவாகத்தான் போடலாம்.